காப்பாற்றாத காவல்காரன்

பெண் பார்க்க அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பஸ் ஏறும்போதே துஷாந்திடம் அம்மா வீரம்மா சொல்லிவிட்டாள். "பொண்ணு வீட்டுல கேட்டா பதினொரு பேரக் காப்பாத்துனேன்னு சொல்லு. தரகர்கிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். அதுல ரெண்டு பேரு வெள்ளக்காரங்க."

துஷாந்துக்குப் பென்தோட்டையில் ஒரு ஹோட்டல் கடற்கரையில் இரண்டு வருடமாக வேலை. இதுவரை ஒருவரையும் அவன் கரைக்கு இழுத்து வந்ததில்லை. ஆனால் தரகர் காட்டிய நிலக்ஷியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்தச் சம்பந்தம் தவறினால் வேறு பெண் வேண்டாம் என்றிருந்தான்.

பெண் வீட்டில், அவள் அப்பா ஆண்டியப்பன் அவனுடைய வேலை அடையாள அட்டையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"உயிர்காப்பாளர். பேரு பெருசா இருக்கே, எங்கருந்து புடிச்சாங்க?"

"இங்கிலீஷ்ல லைஃப் கார்டுங்க. லைஃப்னா உயிரு, கார்டுன்னா காவலு. சிங்களத்துல ஜீவிதாரக்ஷக, அதுவும் இதேதான்."

"அப்ப காவக்காரன்."

வீரம்மா பதறினாள். "என்னண்ணே, சாதாரணக் காவலா? பதினொரு பேரு!"

"ஒருத்தரும் இல்லீங்க." துஷாந்தின் வாய் முந்திக்கொண்டது. "உசரமான நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அலை இழுக்குற பக்கம் போனா விசில் ஊதுவேன். திரும்பிருவாங்க."

"விசில் ஊதுறதுக்கா இம்புட்டு நீளப் பேரு?"

வீரம்மா கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று விசாரிக்கத் தொடங்கினாள்.

தேத்தண்ணியோடு வந்த பெண்ணின் அம்மா நாகலெட்சுமி நின்றாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் புள்ளக்காம்பராவில் பார்த்துக்கொள்பவள் அவள்.

"முங்கிப் போனவங்க எத்தன பேரு தம்பி?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப சரியாத்தான் பாத்திருக்காரு." கணவன் பக்கம் திரும்பினாள். "இருவது வருசத்துல ஒரு புள்ள தண்ணிக் கானுல விழுந்திருக்கா? விழுந்து, நான் தூக்கியிருந்தா சங்கத் தலைவரு மாலை போட்டிருப்பாரு. விழல. அதான் நீங்களே, நான் சும்மா உக்காந்துட்டு வர்றதா சொல்றீங்க."

ஆண்டியப்பன் அட்டையை மறுபடி படிக்கலானார்.

கதவோரம் நின்ற நிலக்ஷி வாய் திறந்தாள். "ஊதுனா எல்லாரும் கேட்டுக்குவாங்களா?"

"பாதிப் பேரு கேக்க மாட்டாங்க."

"அப்ப?"

"எறங்கிப் போயி கையப் புடிச்சுக் கூட்டியாருவேன்."

ஆண்டியப்பன் பலமாக இருமினார்.

"மொதல்ல கல்யாணத்துக்கு நாள் பாப்போம்," என்றார்.