என் பின்சக்கரத்தை விடாதவர்

என் சைக்கிளின் பின்விளக்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று காபிக் கடை வாசலில்தான் முதலில் தெரிந்தது. மழை அப்போதுதான் சற்று ஓய்ந்திருந்தது. அந்த விளக்கை நான் எப்போதும் கொஞ்சம் கீழே பார்க்கும்படி சாய்த்து, விட்டு விட்டு மின்னும்படி வைப்பேன். அன்று அது நிமிர்ந்திருந்தது. மின்னாமல் நின்று எரிந்தது. ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் யார் இதைச் செய்தது?

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவளுக்கு இதெல்லாம் தப்பாது. கடைக்கு வருகிறவர்கள் எந்த ஃபிரேமை எடுத்து மாட்டிப் பார்த்தார்கள், எதை இடம் மாற்றி வைத்தார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். "உனக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒரு ஸ்பூன் கூட நகர முடியாது" என்பார் என் கணவர். பாராட்டாகச் சொல்லுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் நாங்கள் மூன்றே பேர். நான், என் கொழுந்தன், டிரைவரண்ணன். கொழுந்தன் லேத் பட்டறை வைத்திருக்கிறான்; எங்கள் சைக்கிள்களுக்கு அவன்தான் வைத்தியன். டிரைவரண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறவர், எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர், ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. நாற்பது வயதுக்கு மேல் கால் நடுங்க சைக்கிள் ஏறிய என்னைச் சிரிக்காமல் கூட்டிக்கொண்டு போன முதல் ஆள் அவர். வாரம் முழுக்கக் கடை, அடுப்படி, மாமியாரின் மருந்து என்று ஓடுகிற எனக்கு அந்த ஞாயிறு காலை ஒன்றுதான் சொந்தம். அதில் ஒருத்தர் கை வைத்தால் நான் சும்மா இருப்பேனா?

முதல் சந்தேகம் கொழுந்தன் மேல்தான். திருகாணியைக் கண்டால் திருகாமல் இருக்கத் தெரியாத பிறவி அவன். மழையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே பட்டறையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய்த் துணியால் செயினைத் துடைத்து, பிரேக் கட்டையில் ஒட்டிய மணலைக் குண்டூசியால் நோண்டி எடுப்பான். அப்படி நோண்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"என் பின்லைட்டை ஏன்டா திருப்பினே?"

"நான் தொடவே இல்ல அண்ணி."

"பின்ன யாரு, காத்தா?"

"லைட்டுதானே அண்ணி, என்னமோ உங்க வளையலைக் கழட்டின மாதிரி கேக்கறீங்க. நேரா வச்சிருந்தா நல்லதுதான், மழையில பின்னாடி வர்றவனுக்குத் தெரியும்" என்றவன், சைக்கிளைச் சுற்றிப் பார்த்து, "ஆமா, இந்த வெள்ளை டேப்பை எப்ப ஒட்டினீங்க?" என்றான்.

நான் எந்த டேப்பையும் ஒட்டவில்லை. பின் மட்கார்டின் நடுவில், மேலிருந்து கீழ்வரை, வெள்ளையாக ஒரு பட்டை. ஓரம் பிசிறாமல் அழுத்தித் தேய்த்து ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க எல்லாம் டிரைவரண்ணனிடமே போய் நின்றது. எப்போதும் முன்னால் போகிறவர் அவர். முன்னால் போகிறவர்தான் பள்ளத்தைக் கண்டால் கையை நீட்டிக் காட்ட வேண்டும், வண்டி வந்தால் குரல் கொடுக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதை நம்பி ஓட்டுவோம். அந்த இடத்தை யாருக்கும் தராதவர், மழைக்காலம் பிறந்ததிலிருந்து, "நீ முன்னால போம்மா, உன் வேகத்துக்கு நான் வர்றேன்" என்று ஒதுங்க ஆரம்பித்தார். கொழுந்தன் முன்னால் போனாலும் இவர் அவன் பின்னால் போவதில்லை. நான், எனக்குப் பின்னால் அவர். அதுவும் எப்படி? ஈர ரோட்டில் முன் சைக்கிளுக்கும் நமக்கும் இரண்டு சைக்கிள் நீளமாவது இடைவெளி வேண்டும், பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் பிடித்தால் சறுக்கும் என்று எங்கள் காதில் ஓதியதே அவர்தான். இப்போது அவருடைய முன்சக்கரம் என் பின்சக்கரத்தை உரசாத குறை. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பெண்ணாகப் பிறந்தவளுக்கு இதற்குமேல் யோசிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரன் எடுத்த வயதில் இந்த மனுஷனுக்கு இதென்ன புத்தி என்று மனது கொதித்தது. கடைப் பக்கமும் அவர் வருவதில்லை. வருஷா வருஷம் என்னிடம்தான் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி மாற்றுவார். இந்த வருஷம் கேட்டதற்கு, "பழசே நல்லா இருக்கும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மனதில் கள்ளம் இருப்பவர்தான் முகம் பார்க்க மாட்டார் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் கையும் களவுமாகப் பிடித்தேன். காபிக் கடைக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், என் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து, சட்டை நுனியால் என் விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்துவிட்டு, நிமிர்த்தி வைத்து, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அழுகையும் வந்தது. இந்த ஆளை நம்பித்தானே லாரிகளுக்கு நடுவே ஓட்டக் கற்றுக்கொண்டேன்?

கொழுந்தனிடம் மெல்லச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணி, அவரு தங்கமான மனுஷன். உங்க சந்தேகத்துக்கு ஒரு அளவே இல்லையா? போன மாசம் என்னைப் பார்த்து, செயினை மாத்திட்டுப் புது செயின்னு சொல்லிப் பழசை மாட்டிட்டேன்னீங்க."

"அது பழசுதான்."

"சரி, அது பழசுதான். ஆனா இவரு அப்படி இல்ல."

அதற்கடுத்த ஞாயிறு அவனுக்குக் காய்ச்சல். நானும் டிரைவரண்ணனும் மட்டும். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயந்துகொண்டு என் ஞாயிற்றுக்கிழமையை இழப்பதைவிட, ஒருமுறை நேருக்கு நேர் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நான்கு கேள்வி கேட்டுவிடுவது மேல் என்று தோன்றியது. காற்றடிக்கிற பம்ப்பைச் சைக்கிள் சட்டத்தில் மாட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில் மழை கொட்ட ஆரம்பித்தது. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறினாலே வழுக்கியது. பிரேக்கை அடிக்கடி லேசாகத் தொட்டு சக்கர விளிம்பின் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் அவருடைய செயின் கிறீச் கிறீச்சென்று ஒட்டிக்கொண்டே வந்தது. பெரிய சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் ஒரு குடோன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ காக்கை இருக்காது. கையைக் காட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை, சட்டென்று அதன் வாசலுக்குள் திருப்பினேன். யோக்கியமானவராக இருந்தால் ரோட்டிலேயே நின்று என்னவென்று கேட்பார். உள்ளே வந்தால், அவர் எண்ணம் என்னவென்று தெரிந்துவிடும்.

உள்ளே வந்தார். கேட்காமல், தயங்காமல், என் பின்னாலேயே வந்தார். மூடிய ஷட்டருக்கு முன்னால் நான் நிறுத்தியதும் அவரும் நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. நான் பம்ப்பை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஷட்டரைப் பார்த்தபடி பொறுமையாக நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"என்னம்மா, இந்த சிக்னல் இன்னிக்கு இவ்ளோ நேரமா?"

பம்ப்பைக் கீழே வைத்தேன். மனிதர் விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. அருகில் போய், அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன்.

"அண்ணே, எத்தனை விரல்?"

அவர் தலையை ஒருபக்கம் சாய்த்து, கோழி பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கையைத் துழாவி ஷட்டரைத் தொட்டார். தொட்டதும் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"ரோட்டுல இல்லையா நாம?"

"இல்லண்ணே. குடோனுக்குள்ள."

"வலது கண்ணு போயிடுச்சும்மா" என்றார். "நாலு மாசமாச்சு. இடது கண்ணு வெயில்ல பரவாயில்ல. மழை பெஞ்சா, இருட்டினா, எல்லாம் கஞ்சித் தண்ணி. உன் சிவப்பு லைட்டு மட்டும் தெரியும். அந்த வெள்ளைப் பட்டை தெரியும். நீதான் சீக்கிரமே பிரேக் பிடிப்பே, வளைச்சு ஒடிச்சு ஓட்ட மாட்டே. உன் கொழுந்தன் பின்னால போனா என்னைக் கொன்னுடுவான்."

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"உங்கிட்டத்தான் சொல்லக் கூடாது. ஒரு தடவை உன் கடையில கண்ணு பாக்குற நாற்காலியில உக்காந்தா எல்லாம் தெரிஞ்சுடுமே."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. இந்த மனிதரைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன்! அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் இன்னொன்று தலையில் இடித்தது.

"அண்ணே, பஸ்ஸு?"

"பஸ்ஸு வேற. ரூட் எனக்கு மனப்பாடம். வைப்பர் இருக்கு, கண்டக்டர் குரல் குடுக்கறான்."

"மழையிலயும் ஓட்டறீங்களா?"

அவர் ஹேண்டில்பாரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "புதன்கிழமை ஒரு ஸ்டாப்புல, ஒரு பொம்பளை கத்தினாம்மா. அப்புறம்தான் பார்த்தேன். குழந்தையை இழுத்துக்கிட்டா. ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே, ராத்திரியெல்லாம் அதை அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"ரெண்டு வருஷம்தாம்மா. அந்த சீட்டை விட்டு இறங்கிட்டா நான் யாரு, சொல்லு? வேணும்னா இனிமே சைக்கிளைத் தொடல. இன்னிக்கு மட்டும் வீட்டுல கொண்டு போய் விட்டுடு. யாருக்கும் சொல்லாதே."

"நாளைக்கு டூட்டி இருக்கா?"

"முதல் டிரிப்பே நான்தான்."

இடியோடு மழை வலுத்தது. நாளைக்கும் விடாது என்றுதான் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அந்த முதல் டிரிப்பில் ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஏறுவார்கள், காய்கறிக்காரர்கள் ஏறுவார்கள், என் மகள் ஏறுவாள்.

"சரி, வாங்கண்ணே. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

பொய்தான் சொன்னேன். வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். நான் வலது பக்கம் திரும்பினேன். மழைச் சத்தத்தில் அவருக்குத் திசை பிடிபடாது என்று நினைத்தேன். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் ஓட்டியதில்லை. பள்ளம் என்று கத்தினேன், சாக்கடை மூடி என்று கத்தினேன், லாரி என்று கத்தினேன். அவர் செயின் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. என்னை நம்பி வருகிற மனிதரை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகிறேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் மிதித்தேன்.

பஸ் டிப்போவுக்குப் போகிற ரோடு கல் பதித்தது. சக்கரம் அதில் ஏறியதும் கை முழுக்க அதிரும். ஏறிய உடனே பின்னால் செயின் சத்தம் நின்றுவிட்டது. அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. வேகத்தை மட்டும் குறைத்தேன். வெறும் மழைதான் கேட்டது. அவர் அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, கிறீச்சென்று ஒரு முறை. மறுபடி கிறீச். வந்துகொண்டிருந்தார்.

டிப்போ கேட்டில் காவல்காரர் குடையோடு ஓடி வந்தார். "என்னண்ணே, லீவு நாள்ல? அதுவும் இந்த மழையில?"

டிரைவரண்ணன் என் பக்கம் திரும்பினார். கொஞ்சம் தள்ளி, நான் இல்லாத இடத்தைப் பார்த்து.

"முப்பது வருஷமா மிதிச்ச கல்லும்மா இது. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏண்ணே வந்தீங்க?"

"உன்னோட நான் பேசறதா இல்ல" என்றார். பிறகு காவல்காரரிடம், "மேனேஜர் உள்ள இருக்காரா? நாளைக்கு முதல் டிரிப்புக்கு வேற ஆளைப் போடச் சொல்லணும். இப்பவே சொன்னாத்தான் ஆள் கிடைக்கும்" என்றார்.

சைக்கிளை என்னிடம் கொடுக்கவில்லை. கேட்டில் சாய்த்து வைத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல், நிறுத்தியிருந்த பஸ்களின் ஓரமாக நடந்தார். எந்தப் பஸ்ஸிலும் இடிக்கவில்லை. அலுவலகப் படியில் ஏறி உள்ளே போனார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காவல்காரர் குடைக்குள் வரச் சொன்னார், வேண்டாம் என்றேன். பேசாவிட்டால் போகட்டும். வீடு திரும்ப அவருக்கு என் பின்சக்கரம் வேண்டும். அவருடைய சைக்கிளை எடுத்து என்னுடையதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன்.