வலப்பக்கம் திரும்பினால் திறக்கும் சுவர்

1

இந்தக் கதை என் சிரிப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆர்லிஸ் ஒப்புக்கொள்ள வைப்பாள்.

குளிர்காலத்தில் மோட்டார் வீட்டுக்காரர்கள் வந்து கூடும் குவார்ட்சைட் பாலைவனத்தில், என் சின்ன வேனுக்கு வெளியே நாற்காலி போட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தூசியைக் கிளப்பிக்கொண்டு வெர்லினின் மோட்டார் வீடு வந்தது. பஸ் அளவு வண்டி. வழக்கம்போல் வெர்லின் ஜன்னல் வழியாகக் கையாட்டினார். அவருக்குப் பின்னால் அவர் வீட்டுக் கூடமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

(மோட்டார் வீடு இல்லாத வாசகருக்கு: இந்த வண்டிகளில் பக்கச் சுவர் ஒன்று சோபாவையும் அலமாரியையும் சுமந்தபடி, பொத்தானை அமுக்கினால் வெளியே போகும். கூடம் அகலமாகிவிடும். கிளம்பும்போது மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஸ்லைட் என்பார்கள். நிறுத்திய இடத்தில் திறந்தால் வசதி. ஓடும்போது தானாகத் திறந்தால் —)

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதுதான் வெர்லினின் மனைவி ஆர்லிஸ் இறங்கி வந்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

"சீக்கிரம் முடி. இன்னொரு தடவ இந்தச் செவுரு ரோட்டுல திறந்துச்சுன்னா அடுத்த ஊர்ல இறங்கிடுவேன். பிளேன் ஏறி மினசோட்டாவுக்கு, லவான் வீட்டுக்குப் போயிடுவேன். இவன் இந்தச் சோபாவோட குடும்பம் நடத்தட்டும்." லவான் அவளுடைய தங்கை.

"சோபா சண்ட போடாது அம்மணி," என்றார் வெர்லின்.

ஆர்லிஸ் எதற்கும் சிரிப்பவள். அன்று அவள் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. சிரிப்பு நின்ற இடத்தில் எனக்குக் கதை எழுதத் தோன்றும், கெட்ட பழக்கம்.

2

தொடங்கிப் பார்த்தேன்.

*காற்று வீசிக்கொண்டிருந்தது. தூரத்து மலைகள் மௌனமாக —*

அடித்துவிட்டேன். மலைகள் மௌனமாக இல்லாமல் வேறு என்ன செய்யும்?

*ஸ்லைட் மோட்டாரில் ஒரு பிரேக் உண்டு. சுவரை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது பிடிக்காவிட்டால், வண்டி வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் இடப்பக்கச் சுவர் தன் எடையாலேயே —*

இது கதை இல்லை, வண்டியோடு வரும் கையேடு. கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பதுதான் இந்தக் கதையே. அதனால் இதையும் அடித்தேன்.

*வீட்டை விற்ற அன்று ஆர்லிஸ் அழவில்லை.*

இது நன்றாக இருக்கிறது. உண்மையா என்று தெரியாது. மினசோட்டாவில் இருந்த வீட்டை விற்றுத்தான் வண்டி வாங்கினார்கள், அது தெரியும். அழுதாளா என்று அவளிடம் கேட்டால் "உனக்கெதுக்கு?" என்பாள். கேட்காமல் எழுதினால் "உனக்கெப்படித் தெரியும்?" என்பாள். எழுதுகிறவர்களுக்குத் தோழிகளே இருக்கக்கூடாது.

3

சாயங்காலம் எல்லோரும் அவரவர் நாற்காலியையும் அவரவர் கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவோம். யார் வண்டி பழுதோ அந்த வண்டிக்கு முன்னால்தான் வட்டம். அன்று வெர்லின் வண்டிக்கு முன்னால். ஆர்லிஸ் ஹாட்டிஷ் (உருளைக்கிழங்கையும் கறியையும் ஒரே தட்டில் அடுக்கிச் சுடும் மினசோட்டாச் சாப்பாடு) செய்து வைத்திருந்தாள். பழுதுக்கு யோசனை சொல்ல வருகிறவருக்குச் சாப்பாடு போட வேண்டும், இது எங்கள் ஊர் வழக்கம். அதனால் யோசனைக்குப் பஞ்சமே வருவதில்லை.

டெல்மர் தொடங்கினார். அவரை ஒரே வரியில் அறிமுகப்படுத்திவிடலாம்: எல்லாம் தெரிந்தவர்.

"வெர்லின், நீ பொத்தானச் சட்டுனு விட்டுடுற. அதான் கோளாறு. செவுரு உள்ள வந்துடுச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். ஆனா முழுசா வந்திருக்காது. மோட்டார் முக்கற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும்."

"அமுக்கித்தான் பிடிக்கிறேன்."

"எவ்ளோ நேரம்?"

"அம்மணி 'போதும், விடு'ன்னு கத்தற வரைக்கும்."

"அப்ப பேட்டரி வீக்."

"புது பேட்டரி."

"அப்ப ரப்பர்." டெல்மர் இரண்டாவது முறை ஹாட்டிஷ் போட்டுக்கொண்டார். "பெல்ட் போட்டுக் கட்டிப் பாத்தியா?"

வெர்லின் ஏற்கெனவே அதைச் செய்திருந்தார். லாரிச் சரக்குக் கட்டும் பெல்ட்டால் ஸ்லைட்டை எதிர்ப்பக்கச் சாப்பாட்டு மேசைக் காலோடு இறுக்கிக் கட்டி, முன்பு தங்கியிருந்த யூமா ஊரிலிருந்து ஓட்டி வந்தார். முதல் வளைவில் சுவர் நகர்ந்தது. மேசையும் கூடவே போனது.

"மேச மேல என் காப்பி இருந்துச்சு," என்றாள் ஆர்லிஸ்.

வட்டம் முழுக்கச் சிரித்தது. வெர்லின்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் வேறொரு ஊர் என்பதை இன்னும் அவரால் நம்ப முடியவில்லை. அறுவடை இயந்திரம் ஓட்டி ஓட்டி ஒரே வயலைச் சுற்றிய மனிதர். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்த ஆர்லிஸ், எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

[இங்கே ஒரு விஷயம். இவர்கள் பேசுவது ஆங்கிலம். எத்தனையோ குளிர்காலம் இவர்களோடு கிடந்ததில், என் காதில் விழும்போதே எல்லாம் தமிழாகிவிடுகிறது. டெல்மர் தமிழில் இன்னும் மோசம்.]

4

எழுதியதை ஆர்லிஸுக்குப் படித்துக் காட்டினேன். கேட்காமல் எழுதுவதைவிட அது கொஞ்சம் யோக்கியம் என்று தோன்றியது. இந்த வரி வந்தது:

*சுவர் ஒவ்வொரு முறை முனகும்போதும் ஆர்லிஸின் அடிவயிறு பயத்தில் —*

"நிறுத்து. யாருக்குப் பயம்?"

"உனக்கு."

"எழுத்தாளரம்மா, பனியில பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ நான். முன்னாடி ரோடே தெரியாது. பின்னாடி பஸ் நெறயப் பிசாசுங்க, ஒருத்தன் காலணிய ஒருத்தன் வெளிய எறிஞ்சுக்கிட்டு இருக்கும். நான் சோபாவப் பாத்துப் பயப்படுவேனா?"

"பயமில்லன்னா வேற எதுக்கு இறங்கறேங்கற?"

அவள் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கதையில் அந்த இடத்தில் [காரணம் பிறகு] என்று எழுதி வைத்தேன். காரணம் கிடைக்காத கதாபாத்திரத்தை என்ன செய்வது என்று மூன்று கோப்பைக் காப்பி குடித்து யோசித்தேன். பயந்தவளாகவே வைத்துக்கொண்டால் எனக்குச் சுலபம். வாசகருக்கும் சுலபம். பிரேக்கைச் சரிசெய்தால் கதை முடிந்துவிடும்.

மறுநாள் வெர்லின் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து அவளே வந்தாள். "வா, ஒண்ணு காட்டறேன்."

வண்டிக்கு அடியில் பாயை விரித்தாள். இந்த வயதில் இரண்டு பொம்பளைகள் மண்ணில் மல்லாந்து படுத்து வண்டியின் வயிற்றைப் பார்த்தோம். டார்ச்சை அடித்து, மோட்டாரின் பின்னால் இருந்த விரல் நீள நெம்புகோலைக் காட்டினாள்.

"இது இந்தப் பக்கம் இருந்தா பிரேக் பிடிக்கும். அந்தப் பக்கம் தள்ளுனா பிரேக் விட்டுடும். இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"

"அந்தப் பக்கம்."

"பேட்டரி செத்தப்ப அவன் கையாலயே சுத்தி ஸ்லைட்ட உள்ள கொண்டாந்தான். அதுக்கு இத விடணும். வேல முடிஞ்சதும் திரும்பப் போடணும். அவன் எந்திரிச்சு, கையத் தொடச்சுக்கிட்டு, 'அம்மணி, பாத்தியா என் சாமர்த்தியத்த'ன்னான். மறந்துட்டான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"யூமாவுக்கு முன்னாடியே. கையேட்டப் படிச்சேன்."

படித்த ஒரே ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அப்ப ஏன் சொல்லல? அந்த மேச, பெல்ட்டு, டெல்மர் தின்ன ஹாட்டிஷ்…"

"சொன்னா சரியாயிடும்." டார்ச்சை அணைத்தாள். "சரியாயிட்டா நான் எதச் சொல்லி இறங்கறது?"

அந்த அடைப்புக்குறிக்குள் போட வேண்டியது கிடைத்துவிட்டது. போடுவதற்குத்தான் கை வரவில்லை.

அவளுக்கு ஒரே ஊரில் இருக்க வேண்டும். தினமும் அதே தபால்காரரைத் திட்ட வேண்டும். லவானோடு சர்ச்சுச் சமையலறையில் நின்று காப்பி போட வேண்டும். நட்ட செடி பூக்கிறவரை அங்கேயே இருக்க வேண்டும். "அவன் மூஞ்சியப் பாத்திருக்க இல்ல? காலைல கதவத் திறக்கறப்ப? அதப் பாத்துக்கிட்டு 'எனக்குப் போதும்'னு சொல்ல வாய் வரல. செவுரு சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

5

எனக்குக் கோபம் வந்தது. கதைசொல்லிக்குக் கதாபாத்திரத்தின் மேல் கோபம் வரக்கூடாது என்பார்கள். சொன்னவர்கள் யாரும் வண்டிக்கு அடியில் படுத்திருக்கவில்லை.

"ஏன் ஆர்லிஸ், இந்த நாட்டுல ரோட்டுக்கு வலப்பக்கமா ஓட்டறோம், செவுரு இடப்பக்கம். அது எதிர்ல வர்ற வண்டிங்க பக்கம்தான திறக்குது? நாளன்னைக்கு யார்னெல் மலையில ஏறப்போறீங்க. அங்க எல்லாமே வளைவு."

"ஒரு சாண்தான் திறக்கும்."

"எதிர்ல பள்ளிக்கூட பஸ் வந்தா?"

அவள் டார்ச்சை மண்ணில் வைத்துவிட்டு வெளியே நகர்ந்து எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். சுருக்கென்று தைத்திருக்கும். தைக்கட்டும் என்றுதான் சொன்னேன். பிறகு எனக்கே கஷ்டமாக இருந்தது.

வேனுக்குள் வந்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: நான் வெர்லினிடம் சொல்லிவிடுகிறேன். அவர் நெம்புகோலைத் தள்ளுகிறார், தலையில் அடித்துக்கொள்கிறார், டெல்மரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். ஆர்லிஸ் சாகும்வரை ஊர் ஊராகச் சுற்றுகிறாள். என்னிடம் பேசுவதில்லை.

இரண்டாவது: நானே ஊர்ந்து போய்த் தள்ளிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. ஆர்லிஸ் மலையில் ஒவ்வொரு வளைவிலும் சுவருக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிறாள், அது வாயே திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது: வெர்லினுக்கும் எல்லாம் தெரியும், அவரும் வேண்டுமென்றேதான் — சீ. இப்படி எழுதினால் யாராவது பரிசு கொடுப்பார்கள். வெர்லினுக்கு ஒன்றும் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

நான்காவது: சுவர் திறக்கிறது, எதிரில் —

இல்லை. இதை எழுத மாட்டேன்.

6

இனி எழுதுவது நான் யோசித்தது இல்லை. பார்த்தது.

கிளம்புகிற காலை. இந்த ஊரில் யாரும் சும்மா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட முடியாது. ஒருவர் உள்ளிருந்து கேட்க வேண்டும், ஒருவர் வெளியே சுற்றிவந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எல்லாத் தம்பதிகளும் இதைச் சத்தமாகச் செய்வார்கள். பாதிச் சண்டைகள் இதில்தான் வரும். வெர்லின் எஞ்சினைப் போட்டு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஜாக்கி?"

"தூக்கியாச்சு."

"ஆன்டெனா?"

"இறங்கிடுச்சு."

"படி?"

"உள்ள போயிடுச்சு."

"ஸ்லைட்?"

ஆர்லிஸ் இடப்பக்கச் சுவரின் முன்னால் நின்றிருந்தாள். அவள் சட்டையின் முதுகு முழுக்க மண். என்னிடம் காட்டிய அன்று போட்டிருந்த சட்டை அது இல்லை. காலையில் மறுபடி அடியில் போயிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்மணி, ஸ்லைட்டு?"

அவள் சுவரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"என்ன, இப்பவே இளிக்குதா?" என்று சிரித்தார் வெர்லின். அவளைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். படியை மறுபடி வெளியே இறக்கி, இறங்கி வந்தார்.

"செவுரு இனிமே திறக்காது, வெர்லின்," என்றாள் ஆர்லிஸ். "நீ பிரேக்கப் போட மறந்திருந்த. நான் போட்டுட்டேன். ரொம்ப நாளாவே தெரியும். தெரிஞ்சும் சொல்லாம ஓட்ட விட்டேன். அது என் தப்பு."

"தெரியுமா? அப்ப எதுக்கு…"

"எனக்குப் போதும்ப்பா. வண்டி நல்லாருக்கு. நீயும் நல்லாருக்க. எனக்கு வீடு வேணும்."

வெர்லின் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர். இப்போது தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு வண்டியின் படியில் உட்கார்ந்தார். படி சின்னது, இரண்டு பேர் உட்காரத் தோதானது இல்லை. முடிந்தமட்டும் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டார்.

அவள் போய் உட்கார்ந்தாள். அவர் பேசத் தொடங்கினார். நான் இருந்த இடத்துக்கு அது நன்றாகக் கேட்டது.

அதை எழுத மாட்டேன், வாசகரே. எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டு எழுதியவள்தான், வெட்கம் கெட்டவள்தான், ஆனாலும் எழுத மாட்டேன். அது ஆர்லிஸ் சுவரிடமிருந்து வாங்காமல் தானே கேட்டு வாங்கிய பதில். உங்களுக்கு வேண்டுமென்றால் அவர் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அவசரப்பட்டு எழுதாதீர்கள். அவர் மெதுவாகத்தான் பேசினார். அவர் முடிக்கிறவரை அவள் குறுக்கே பேசவில்லை.