துடைத்த வால்வுகள்

வெற்றிடக் குழாய் என்பது, காற்று முழுவதும் வெளியேற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் கூட்டினுள் சில உலோக உறுப்புகள் நிறுத்தப்பட்ட மின்னணுக் கருவியாகும். வழக்கில் அதனை வால்வு என்பர். என் மனைவி பல்பு என்பாள். பேருந்து ஓட்டும் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மாலை வகுப்பில் சேர்ந்து நான் முறையாகக் கற்ற முதல் பாடம் இதுவே. ஆகவே அவள் பல்பு என்னும் ஒவ்வொரு முறையும் நான் திருத்துவேன். அவளும் ஒவ்வொரு முறையும் "சரி, வால்வு" என்று ஒப்புக்கொண்டு, அடுத்த வாக்கியத்திலேயே பல்புக்குத் திரும்பிவிடுவாள்.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம்.

என் மனைவியின் அண்ணன் மைக்செட் தொழில் செய்பவர். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியே தலை நரைத்தவர். தம் கருவிகளில் எதன்மீதும் என் விரல் படுவதை அவர் விரும்பியதில்லை. நான் அருகே சென்றாலே, "மாப்பிள்ளை, உங்களுக்கு ஸ்டியரிங் போதும், இது ஷாக் அடிக்கும்" என்பார். நான் மாலை வகுப்பில் சான்றிதழ் பெற்ற அன்று அவர் எனக்குச் சூட்டிய பட்டம் 'புத்தக மாப்பிள்ளை'.

அத்தகையவர் ஒரு நாள் தம்முடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைப் போர்வையில் சுற்றி, உறங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறினார்.

"தொழிலுக்கு இது எப்பவோ ஆகாம போச்சு. வீட்ல பாட்டுக் கேக்கத்தான் வெச்சிருந்தேன். இப்ப அதுக்கும் வாய் திறக்க மாட்டேங்குது. நம்ம பசங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"நான் பார்க்கட்டுமா, மச்சான்?"

"அதுக்குத்தானே கொண்டாந்தேன். திங்கக்கிழமை குடோன் காலி பண்றேன். பழைய சாமான் எடுக்கிறவன் வண்டியோட வர்றான். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன். பாடுச்சுன்னா என் வீட்டுக்கு, பாடலைன்னா அவன் வண்டிக்கு."

வண்டி என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபையரின் மூடியில் இல்லாத தூசியை விரலால் தட்டினார். அவர் அதை வண்டியில் ஏற்ற விரும்பவில்லை என்பது எனக்கு விளங்கியது. அவர் என்னிடம் ஒரு கருவியை ஒப்படைப்பது இதுவே முதன்முறை என்பதும், இதில் தவறினால் இரண்டாம் முறை வராது என்பதும் கூடவே விளங்கின.

கோளாற்றைக் கண்டறிவது கடினமாக இல்லை. நல்ல வால்வின் உச்சியில் கண்ணாடிக்கு உட்புறம் வெள்ளிப் பூச்சு ஒன்று பளபளக்கும். காற்று உட்புகுந்தால் அப்பூச்சு பால்போல் வெளுத்துவிடும். ஒலியை முதலில் வாங்கிப் பெருக்கும் முதற்கட்ட வால்வு அவ்வாறு வெளுத்திருந்தது. அதன் பக்கவாட்டில் '12AX7' என்று அச்சிட்டிருந்தது. அதே எண்ணுடைய இன்னொன்றைச் செருகினால் போதும். மூடப்பட்ட ஒரு ரேடியோ கடையிலிருந்து, வால்வுகளைச் சோதிக்கும் பழைய கருவி ஒன்றையும், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வால்வுகளையும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அந்த டப்பாவில் இந்த எண் கொண்டவையும் கிடந்தன என்பது எனக்கு உறுதியாக நினைவிருந்தது. எனவே அன்று நிம்மதியாக உண்டு, நிம்மதியாக உறங்கினேன்.

சனிக்கிழமை காலை கடைவீதிக்குப் போய்ச் சால்டரிங் ஈயம் வாங்கித் திரும்பினேன். பால்கனியில் துண்டு விரித்து, அதன்மேல் என் வால்வுகள் அனைத்தும் டம்ளர்களைப் போல் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெயிலில் அவை வைரம்போல் மின்னின. பார்த்த மாத்திரத்தில் ஒன்றின் மீதும் ஓர் எழுத்துக்கூடத் தென்படவில்லை.

"பாத்தீங்களா எப்படிப் பளபளன்னு இருக்குன்னு!" என்றாள் என் மனைவி. "நாளைக்கு அண்ணன் வருது. அந்த டப்பாவைத் திறந்தாலே அதுக்குத் தும்மல் பிச்சுக்கும். அதான் எல்லாப் பல்பையும் சோப்புத் தண்ணில முக்கி, துணியால ஒவ்வொண்ணா அழுத்தித் துடைச்சேன். எத்தனை வருஷத்து அழுக்குங்க!"

இங்கே வாசகர் ஒன்றை அறிதல் வேண்டும். பழைய வால்வுகளின் எழுத்து கண்ணாடியில் மெலிதாக ஒட்டியிருக்கும் மையே. ஈர விரல் பட்டாலே போய்விடும். வகுப்பில் முதல் நாளே ஆசிரியர் எச்சரித்த செய்தி அது. அதை வீட்டில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சிலவற்றில் எண் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருந்ததால் தப்பியிருந்தது. அவற்றுள் எனக்கு வேண்டியது இல்லை.

"என்னங்க, ஏன் முகம் இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. நம்பர் போச்சு."

"என்ன நம்பர்?"

விளக்கினேன். அவள் துண்டின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வாயைத் திறந்து திட்டித் தொலைங்களேன். இப்படிச் சும்மா நின்னா எனக்குத் தாங்க முடியல."

"திட்டினா நம்பர் வந்துடுமா?"

"வராது. ஆனா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

நான் திட்டவில்லை. முப்பதாண்டு பேருந்து ஓட்டியவனுக்குப் பொறுமை ஒரு பழக்கம். மேலும், அவள் கைவிரல்கள் சோப்பு நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. அவற்றைப் பார்த்தபின் திட்ட மனம் வரவில்லை.

ஒன்பது ஊசிக் கால்களை உடைய சிறு வால்வுகளைத் தனியே பிரித்தேன். ஏறத்தாழ ஒரு டஜன் தேறின. எனக்கு வேண்டியது அவற்றுள் ஒன்று. ஆனால் அதற்கு இரு உடன்பிறப்புகள் உண்டு. உயரம், கால்கள், உள்ளே சிவக்கும் இழை ஆகிய அனைத்திலும் மூன்றும் ஒன்றே. திறனில் மட்டுமே வேறு. பாடநூலின் படங்களோடு ஒப்பிட்டேன். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் உட்தகட்டின் வடிவம் மாறியதால் குழப்பமே மிஞ்சியது.

அடுத்துச் சோதனைக் கருவியை நாடினேன். அது சூட்கேஸ் போன்ற மரப்பெட்டி. உள்ளே வால்வுகளைச் செருகப் பல துளைத் தளங்களும், குமிழ்களும், அளவு காட்டும் சற்றே சோம்பலான ஒரு முள்ளும் இருந்தன. இன்ன எண் என்று நாம் முதலில் சொன்னால்தான் அது நல்லதா கெட்டதா என்று திருப்பிச் சொல்லும். எண் தெரியாதவனிடம் அது பொய் சொல்லவும் தயங்காது. வலிமை மிக்க உடன்பிறப்பு ஒன்று தேய்ந்து கிழடாகிவிட்டால், அதன் அளவும் நல்ல நிலையிலுள்ள 12AX7-இன் அளவும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஊகித்து ஒன்றை ஆம்ப்ளிஃபையரில் செருகிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுப்பதுபோல் பாட்டுக் கேட்டது.

"பாடுதுங்களே!" என்றாள் அவள் ஆவலாக.

"இது பாட்டு இல்ல. இருமல். உங்க அண்ணன் ஒரு நிமிஷம் கேட்டுட்டு நேரா வண்டியில ஏத்திடுவார்."

"இன்னொண்ணு போட்டுப் பாருங்க."

"எதைப் போட்டாலும் எது எதுன்னு தெரியாம போடறதுதான். நாளைக்கு அவர், 'என்ன நம்பர் போட்டீங்க மாப்பிள்ளை?'ன்னுதான் முதல்ல கேட்பார். தெரியலன்னு சொல்றதுக்கு நான் ஏன் படிச்சேன்?"

அவள் தன் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு, தைக்க வந்த ரவிக்கைகளையும் ஒதுக்கிவிட்டு, என் எதிரில் வந்து அமர்ந்தாள். மேசையில் கிடந்த வால்வு ஒன்றை எடுத்தாள். அதன் ஓரத்தில் என் விரல்ரேகை படிந்திருந்தது. கண்ணாடி என்றால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. மூக்குக் கண்ணாடிக்குச் செய்வதுபோலவே வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதி, முந்தானையை உயர்த்தினாள்.

"ஐயோ, போதும்மா! இன்னும் துடைக்க அதுல என்ன இருக்கு?"

"இருங்க." முந்தானை பாதியில் நின்றது. "இதுல ஏதோ எழுதியிருக்கு."

நான் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, அவளே வாங்கி மறுபடி ஊதினாள். மூச்சின் ஈரம் கண்ணாடி முழுதும் வெண்மையாய்ப் படர்ந்தது. மை இருந்த இடங்களில் மட்டும் படரவில்லை. அந்த இடைவெளிகள் எழுத்துகளாய் நின்றன. நான் குனிவதற்குள் மறைந்தன. நானும் ஊதினேன். அந்த மூச்சில் என் வாசிப்புக் கண்ணாடியே மூடிக்கொண்டது.

"நீங்க தள்ளுங்க. நான் ஊதிப் படிக்கிறேன். நீங்க எழுதி ஒட்டுங்க."

அவ்வாறே செய்தோம். அவள் ஊதுவாள், படிப்பாள். நான் சிறு காகிதத்தில் எழுதி, பசைநாடாவால் ஊசிக் கால்களைச் சுற்றி ஒட்டுவேன். சில வால்வுகள் ஒரே மூச்சில் பெயர் சொல்லின. சில அடம் பிடித்தன. அவற்றை அவள் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து ஊதினாள். அந்த யோசனையும் அவளுடையதே. ஊதி ஊதித் தலை சுற்றுகிறது என்றாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சூடான மூச்சு இன்னும் நன்றாகப் படிகிறது என்று கண்டுபிடித்து, இரண்டாவது கோப்பையும் கேட்டாள்.

"பன்னண்டு... ஏ... நடுவுல கத்தரிக்கோல் திறந்து வெச்ச மாதிரி இருக்குங்க... ஏழு."

"எக்ஸ்! அது எக்ஸ்!"

"தெரியும். எனக்கென்ன எக்ஸ் தெரியாதா? கத்தரிக்கோல் மாதிரின்னு சொன்னா உங்க மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாத்தேன்."

அத்தகையவை இரண்டு கிடைத்தன. சீட்டை உரித்துச் சோதனைக் கருவியில் செருகினேன்; இப்போது அதனிடம் எண்ணைச் சொல்ல முடிந்தது. முதலாவதற்கு முள் அசையவே இல்லை. இரண்டாவதற்கும் முதலில் அசையவில்லை. முள் சோம்பேறி என்பதை நினைத்து, நான் அதை மூடியிருந்த கண்ணாடியைத் தட்டினேன். முள் நிதானமாக எழுந்து பச்சைப் பகுதியில் நின்றது. பெயரை அவள் மூச்சு சொல்லியிருந்தது. உயிரோடிருப்பதை முள் சொன்னது.

மச்சான் ஞாயிறு காலையே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டார். நான் ஸ்விட்சைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பாட்டு அறையை நிறைத்தது. அவர் தலையைச் சாய்த்து ஒரு பாடல் முழுவதும் கேட்டார். பின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அடுத்த பாடலையும் கேட்டார்.

"என்ன நம்பர் போட்டீங்க?"

"பன்னண்டு ஏ எக்ஸ் ஏழு, மச்சான்."

"ம்." தம் வாயால் அதற்குமேல் ஒரு பாராட்டு வரக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஸ்விட்சை அணைத்து, சூடு தணியும்வரை காத்திருந்து, அந்த வால்வைத் தாமே மெல்ல உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எங்க நம்பர்? ஒண்ணும் தெரியலையே. அழுக்கு மூடியிருக்கு போல." சட்டை நுனியை இழுத்தார்.

"அண்ணா! கையை எடு!"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்த என் மனைவி அவர் கையிலிருந்து வால்வைப் பறித்தாள்.

"யாராவது வால்வைத் துடைப்பாங்களா? இவ்வளவு வருஷம் மைக்செட் வெச்சிருக்கியே, இதுகூடவா தெரியாது?"

மச்சான் கரண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள புத்தகம் ரெண்டாயிடுச்சு போலிருக்கே."

அவள் அவர் முன்னே அதை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதிக் காட்டினாள். அவர் குனிந்து படித்தார். மறைந்ததும், "இன்னொரு தடவை ஊது" என்றார்.

போகும்போது ஆம்ப்ளிஃபையரைப் போர்வையில் சுற்றி, மறுபடி குழந்தைபோலவே தூக்கிக்கொண்டார். படியில் ஒருகணம் நின்று, குடோன் மூலையில் இன்னும் இரண்டு பழைய செட்டுகள் கிடப்பதாகவும், வண்டிக்காரன் வருமுன் அவற்றை இங்கே கொண்டுவந்து வைத்தால் எனக்கு இடைஞ்சலா என்றும் கேட்டார்.

இடைஞ்சல் இல்லை என்று நான் சொல்லுமுன், உள்ளிருந்து குரல் வந்தது:

"கொண்டாண்ணா. ஆனா நீ துடைச்சுடாதே!"

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. அவள் அன்று, நான் திருத்தாமலே, அதனை வால்வு என்றாள்.