வாசிக்கிறவளுக்கு ஒரு ஓட்டை

புந்தோங்கில் கிட்டார் செய்கிற கஸ்பாருக்குக் கை நல்ல கை, வாய்தான் கொஞ்சம் நீளம். யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால், அது சரியா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு கிண்டலை எடுத்துவிடுவார். கட்டிய மனைவி சொன்னாலும் அதே மரியாதைதான்.

மனைவி அகதா, பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் கிட்டார் வாசிப்பவள். தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் விற்று, அங்கே வரிசை வீடுகள் கட்டியாகிவிட்டது. அந்தோணியார் கோயில் மட்டும் மிச்சம். ஞாயிறு பூசைக்குப் பழைய சனங்கள் கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. நரம்புக் கோளாறு, கூடிக்கொண்டேதான் போகும், மிஷின் மாட்டினாலும் கொஞ்ச காலத்துக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் பாட ஆரம்பித்தால் தன் கிட்டார் தனக்கே கேட்பதில்லை என்பதுதான் அவளுடைய பெரிய குறை.

ஒருநாள் பட்டறைக்கு வந்தாள். பசை காய்ந்துகொண்டிருந்த ஒரு கிட்டாரின் பக்கப் பலகையில், வாசிக்கும்போது முகத்தைப் பார்த்து வருகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"முன்னால இருக்குற ஓட்டை சனங்களுக்குங்க. இந்த இடத்துல எனக்குன்னு சின்னதா ஒன்னு போட்டுத் தாங்க. காது இருக்கும்போதே கேட்டுக்கிறேன்."

"சட்டியில ஓட்டை போட்டுட்டு கஞ்சி காய்ச்சச் சொல்றியே லா," என்றார் கஸ்பார். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அகதாவும் சிரித்துவிட்டுப் போனாள்.

மறுவருஷம் சித்தியவானிலிருந்து பவித்ரன் என்றொருவர் வந்து, வெளிநாட்டில் இப்படிச் செய்கிறார்களாம் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே ஓட்டை, அதே இடம். அப்போது கஸ்பாருக்குச் சட்டியும் ஞாபகம் வரவில்லை, கஞ்சியும் ஞாபகம் வரவில்லை. பலகை பிளக்காமலிருக்க உள்ளே மெல்லிய பட்டை ஒட்டி, முட்டை வடிவில் அறுத்து, ஓரத்தை வழவழவென்று தேய்த்துச் செய்து முடித்தார். தாமே மடியில் வைத்து வாசித்துப் பார்த்தார். சத்தம் நேரே முகத்துக்கு எழுந்து வந்தது. முன்பக்கம் குறைந்ததாகவும் தெரியவில்லை. வீட்டுக்காரி சொன்னது சரி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லத்தான் நா எழவில்லை.

அந்தக் கிட்டாரைக் கேட்டுவிட்டு இன்னும் பலர் வந்தார்கள், தைப்பிங்கிலிருந்துகூட. எனக்கு எப்போது என்று அகதா கேட்டாள். இந்த ஆர்டர் முடியட்டும் என்றார். அது முடிந்தபோது அடுத்தது காத்திருந்தது. வாடிக்கைக்காரன் போய்விடுவான், பொண்டாட்டி எங்கே போகப் போகிறாள் என்ற மெத்தனம். அவளும் மறுபடி கேட்கவில்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு முடிந்து எல்லாரும் நிறுத்திய பிறகும் அகதா வாசித்துக்கொண்டே இருந்தாள். சாமியார் பொறுமையாக நின்றார். பக்கத்தில் இருந்த பெண் கையைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து கஸ்பார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே எல்லா ஆர்டர்களையும் ஒதுக்கிவிட்டு, இருந்ததிலேயே நல்ல பலகையை எடுத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டுதான் இழைத்தார்.

கிட்டாரை வாங்கியதும் அகதா அந்த ஓட்டையின் ஓரத்தை விரலால் ஒருமுறை சுற்றித் தடவினாள். பிறகு மாதா பாட்டு ஒன்றை வாசிக்கத் தொடங்கினாள். தந்திகள் புதிது, இழுபட்டு மூன்றாவது தந்தி பாதிப் பாட்டிலேயே சுதி இறங்கிவிட்டது. பாட்டு கோணலாகிப் போனது. முந்தைய அகதாவாக இருந்தால் அடுத்த அடிக்கே நிறுத்தி, முகத்தைச் சுளித்து, சுதி ஆணியை முறுக்கியிருப்பாள். இவள் கண்ணை மூடி, தலையை அந்த ஓட்டைப் பக்கம் சாய்த்து, கடைசிவரை வாசித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று அவள் முகத்துக்கு எதிரே வாயசைத்துக் கேட்டார்.

"நல்லா கேக்குதுங்க," என்றாள் அகதா. "ஒவ்வொரு தந்தியும் தனித்தனியா கேக்குது."

கஸ்பாருக்குக் கை ஆணிவரைக்கும் போயிற்று. முறுக்கினால், சுதி இறங்கியது தன் காதுக்கு எட்டவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கையை மடக்கிக்கொண்டு, அடுத்த பாட்டையும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்.