ஞாயிற்றுக்கிழமை வாங்க, தங்கச்சி

ரப்பர் தோட்டத்து வாசலில் சோதனை போட்ட காவல்காரப் பெண் பெத்தம்மாளின் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சீப்பு, வெற்றிலைச் சுருள், அவளுடைய அடையாளக் கார்டு, பஸ் காசு, அவ்வளவுதான். ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் அது காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று சர்க்கார் கணக்கு வைத்திருந்ததால் சோற்றுப் பொட்டலத்துக்கும் தடை. ரெம்பியாவில் பஸ் பிடித்து, அலோர் காஜாவில் ஓவியர் பெரியதம்பியின் கடையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, வெறும் கையோடு திரும்புவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இது ஒன்பதாவது நடை.

"இன்னிக்காவது படம் கெடைக்குமாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். சங்கதி வாசல் காவல் வரைக்கும் பரவியிருந்தது.

"வாங்காம திரும்ப மாட்டேன்லா," என்றாள் பெத்தம்மாள்.

அவள் புருஷன் அங்கமுத்து சித்திரை மாதத்தில் மஞ்சள் காமாலை கண்டு போய்ச் சேர்ந்தான். உயிரோடிருந்த நாளில் அவன் போட்டோ பிடித்துக்கொண்டது ஒரே ஒரு தடவை. அதுவும் ஆசைக்கு இல்லை. வெள்ளைக்கார சர்க்காரின் அவசரகாலச் சட்டம் வந்த புதிதில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் களத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, தோட்டத்து ஆட்களை ஒவ்வொருவராக அதன் முன்னால் நிறுத்தி, அடையாளக் கார்டுக்கென்று எடுத்தார்கள். துப்பாக்கி பிடித்த போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது யாருக்குத்தான் முகம் மலரும்? இருந்தாலும் அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது. செத்தவன் கார்டை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அது காட்டுக்காரர் கையில் சிக்கினால் செத்தவன் பெயரில் வேறொருவன் நடமாடுவான் என்பது சர்க்காரின் பயம். பெத்தம்மாளின் பயம் வேறு. கார்டு போனால் அந்த முகமும் போய்விடும். துக்க வருஷம், தீபாவளி கிடையாதுதான்; ஆனால் அதற்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படையல் உண்டே. இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, எந்த முகத்தைப் பார்த்துச் 'சாப்பிடு' என்று சொல்வது? அதற்காகத்தான் கார்டை வைகாசியில் பெரியதம்பியிடம் கொடுத்து, பெரிதாக ஒரு படம் எழுதித் தரச் சொன்னாள்.

கிராணி தங்கையா நல்ல மனுஷன். தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். கார்டு கைக்கு வரவில்லை என்று தெரிந்தும் ஐந்து மாதமாகக் கண்டும் காணாமல் இருந்தார். வெள்ளிக்கிழமைதான் அவளைக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம காலையில புது இன்ஸ்பெக்டர் வராரு, பெத்தம்மா. லிஸ்டுல உன் வீட்டுக்காரன் கார்டு மட்டும் பாக்கி நிக்குது. அன்னிக்கி அது என் மேசையில இல்லன்னா ஒன்னையும் கொண்டுபோவான், என்னையும் கொண்டுபோவான். படம் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, கார்டு வந்தாகணும்."

பெரியதம்பியிடம் அவள் செய்த முதல் தப்பு, முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்தது. கையில காசு வாயில தோசை என்று இருந்திருக்க வேண்டும் என்று லயத்து வீடுகளில் புத்தி சொல்லாதவர் இல்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். இரண்டையும் அவள் செய்து பார்த்துவிட்டாள். இந்த மாடு எதற்கும் மசியவில்லை. சிங்கப்பூரிலிருந்து சாயம் வரவில்லை என்றார். கண் வலி என்றார். மச்சினி கல்யாணம் என்றார். பிறகு சர்க்கார் வேலை வந்து சேர்ந்தது. ஊரடங்கு நேரம், நுழையக்கூடாத எல்லை என்று மூன்று பாஷையில் பலகை எழுதும் வேலை. அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே வார்த்தைதான். "ஞாயிற்றுக்கிழமை வாங்க, தங்கச்சி. முடிஞ்சிரும்." எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் அந்த மனுஷர் சொன்னதே இல்லை.

அன்றைக்கும் அவர் ஒரு பலகைக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற ஒல்லியான ஆள். அவளைக் கண்டதும் தூரிகை நின்றது.

"இந்தப் பலகய நாளைக்கு லாரியில ஏத்தணும், தங்கச்சி..."

பெத்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "படத்தக் குடுங்கண்ணே. இல்லாட்டி கார்டக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு கைக்கு வராம எந்திரிக்க மாட்டேன். போலீஸக் கூப்புடறதுன்னா கூப்புடுங்க. எப்படியும் நாளைக்கு எங்கிட்டத்தான் வரப்போறாங்க."

குடை வாங்கப் போன ஒரு மலாய்க்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பெரியதம்பி சாயக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு உள்ளே போய் மேசை இழுப்பறையைத் திறந்து, கார்டையும் ஒரு கட்டுக் காகிதத்தையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

ஏழு காகிதம். ஒன்றுக்கு ஒருவராக ஏழு ஆண்கள். ஒருவன் கங்காணி மாதிரி இருந்தான். ஒருவன் கோயில் பூசாரி மாதிரி. அங்கமுத்து ஒன்றிலும் இல்லை.

"இதுல எது அவரு?" என்று அவர்தான் கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒரு பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, கார்டை வெயிலில் பிடிக்கச் சொன்னார். அங்கமுத்து நாலு வருஷமும் கார்டை இடுப்பு வேட்டியில் புகையிலையோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தவன். கார்டு இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போகப் பயப்பட்டவன். வேர்வையும் ரப்பர் பாலும் ஊறி, போட்டோ பழுப்பேறிக் கிடந்தது. ஒரு காது தெரிந்தது. சட்டைக் காலர் தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. கண்ணாடியை விலக்கினால் அவன் இருப்பதுபோல் இருந்தது. மேலே வைத்துப் பார்த்தால் இல்லை.

"மொத நாளே பாத்துட்டேன்," என்றார் பெரியதம்பி. "நீங்க கார்ட நீட்டுனப்ப அதப் பாத்து சிரிச்சீங்க, தங்கச்சி. அவரே எதுத்தாப்ல நிக்கிற மாதிரி. இதுல மொகம் இல்லன்னு எந்த வாயால சொல்றது? நானா யோசிச்சு எப்படியாச்சும் கொண்டாந்துரலாம்னு பாத்தேன். வரல."

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் சொல்லச் சொல்ல எழுதியிருக்கலாமேண்ணே. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு."

பெரியதம்பி பலகையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, புதுக் காகிதம் ஒன்றைச் சட்டத்தில் குத்தினார். "இப்ப சொல்லுங்க," என்றார்.

மூக்கு எப்படி? சாதாரண மூக்கு. புருவம்? அடர்த்திதான்... இல்லை, அவ்வளவு இல்லை. மரு ஒன்று உண்டு. எந்தப் பக்கம்? பெத்தம்மாள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலது என்றாள். இடது என்றாள். பதினாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவனின் மரு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அந்நிய ஆள் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவர் கொடுத்த காப்பியைக் குடிக்கப் பிடிக்கவில்லை.

"அவரு மொகத்த நான் எங்கண்ணே நின்னு பாத்தேன்?" என்றாள். "விடியுமுன்ன பால் வெட்டுக்குப் போவோம். அவரு முன்னால வெளக்கோட போவாரு, நான் பின்னால. பால் தூக்கி வரும்போதும் அவரு முன்னால. வீட்டுல இருந்தா ஏதோ பேசுவோம், ஆனா உத்துப் பாக்கலயே. முதுகுன்னா கேளுங்க. முதுகு தெரியும்."

பெரியதம்பி கரித்துண்டைக் கையில் எடுத்தார். "சரி, முதுகச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். கழுத்துக்குக் கீழே வண்டு கடித்த தழும்பு. இடுப்பில் வேட்டியை ஒரு பக்கமாகத் தூக்கிச் செருகும் விதம். இரண்டு வாளியும் தொங்கும் காண்டாக் கம்பு அழுத்தி அழுத்தி, வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். காய்ப்புக் காய்ச்சுப் போன இடம் அது. ராத்திரியில் அங்கே எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லுவான். "சட்டை போடாதீங்க, அவரு வெட்டுக்குச் சட்டை போட மாட்டாரு," என்றாள். பெரியதம்பி ஒரு இடத்திலும் அழிக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு அரை மணி இருக்கும்போது காகிதத்தைச் சுருட்டி, சணல் கட்டி, கார்டையும் சேர்த்துக் கொடுத்தார். ஊரடங்குக்கு முன்னால் அவள் வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை தங்கையா கார்டை வாங்கி உறைக்குள் போட்டு ஒட்டினார். அதில் முகம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

படையலன்று அங்கமுத்துவின் அக்காள் சுப்பம்மா நியாலாஸிலிருந்து வந்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள், வாய் கொஞ்சம் நீளம். இலையில் பொரித்த கருவாடும் உளுந்து வடையும் அவனுடைய சுருட்டும் வைத்தாயிற்று. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படத்தைச் சுப்பம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது என்னாடி கூத்து? திரும்பி நிக்கிறவனுக்கா படையல்? கும்புட்டா யாரு வாங்கிக்கிறது? பொட்டு வைக்க நெத்தி எங்க இருக்கு?"

பெத்தம்மாள் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். கண்ணாடியின் மேல் பகுதியில் ஒரு நிமிஷம் கை தயங்கியது. பிறகு இறங்கி, வலது தோளில், அந்தக் காய்ப்பின் மேல் சந்தனத்தை வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

சுப்பம்மா குனிந்து, இலைக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த காமாட்சி விளக்கை எடுத்து, தம்பியின் தோளுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தாள்.