தகப்பன் பெயருக்கு நேரே

காலேஜ் விண்ணப்பத்தில் தகப்பனாருக்கு இரண்டே நிலைதான் வைத்திருந்தார்கள். உயிரோடிருக்க வேண்டும், இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். மஸ்கட்டுக்குக் கொத்து வேலைக்குப் போய், முதல் வருஷம் மட்டும் கடிதம் போட்டு, பிறகு ஏழு வருஷமாக மூச்சே காட்டாத சத்தியநேசனை எதில் சேர்ப்பது? இருக்கிறார் என்றால் அவர் கையெழுத்தைக் கேட்பார்கள். ஜெயஷீலா பல்லைக் கடித்துக்கொண்டு, காலமானவர் என்பதற்கான ஆங்கில வார்த்தையை எழுதினாள். எழுதி முடித்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"இங்க ஒப்பு போடும்மா."

தம்பானூர் லாட்ஜ் அடுக்களையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பொன்னம்மை, என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தமிழ் பைபிளைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறவள்தான். ஆங்கிலம் தெரியாது.

மறுநாள் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். அம்மாவும் நேரில் வரவேண்டுமென்று விதி. இல்லாவிட்டால் ஜெயஷீலா தனியாகத்தான் வந்திருப்பாள். சபை ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாகக் காலேஜுக்குப் போவாள். கிடைக்காவிட்டால் அம்மாவோடு லாட்ஜில் பாத்திரம் கழுவ வேண்டியதுதான்.

காலேஜ் ஆபீஸ் கிளார்க் பகவதிப்பெருமாள் பாறசாலைக்காரர், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். விண்ணப்பத்தையும் போதகர் கொடுத்த கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மோளே, ஒனக்க அப்பன் செத்தாச்சுன்னு நீ எழுதியிருக்கே. சத்தியநேசன் இந்த வருஷத்துச் சந்தாவும் கெட்டியாச்சுன்னு போதகர் எழுதியிருக்காரு. செத்தவங்களும் இப்போ சபைக்குச் சந்தா கெட்டுவாங்களா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

இது ஜெயஷீலாவுக்கே தெரியாது. வருஷந்தோறும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் அம்மா புருஷன் பேரிலேயே சந்தா கட்டி, குடும்பத் தலைவர் என்ற இடத்திலிருந்து அவரை யாரும் எடுத்துவிடாமல் காத்து வந்திருக்கிறாள்.

"ஆரு செத்தது?" என்றாள் பொன்னம்மை.

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துத் தாலியை மூடிக்கொண்டாள்.

"ஆமா சாரே. செத்துப்போனாரு. சந்தா அது அறியாம நான் கெட்டினது."

"அப்போ மரண சர்டிபிகேட் எங்க?"

ஜெயஷீலா அம்மாவைப் பார்க்க முடியாமல் கிளார்க் மேல் பாய்ந்தாள்.

"இருந்தா தரமாட்டேனா சார்? அவரு இருக்காரா செத்தாரான்னே எங்களுக்குத் தெரியாது. ஒங்க பேப்பர்ல அதுக்கு எடம் வச்சிருக்கீங்களா?"

"இதை முதல்லயே பறஞ்சா என்ன? கல்ஃபுக்குப் போயி விவரம் இல்லாத அப்பன் ஒனக்கு மட்டுமா? வெட்டிட்டு, விவரம் இல்லைன்னு எழுது. பக்கத்துல அம்மா ஒப்பு போடட்டு. தீர்ந்துது."

அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா ஒரு மனுஷனைக் கொன்றோம் என்று இருந்தது அவளுக்கு. வெட்டினாள், எழுதினாள், தாளை அம்மா பக்கம் தள்ளினாள்.

பொன்னம்மை பேனாவை வாங்கவில்லை.

"வாசி."

"என்னம்மா நீ, பின்னால ஆளு நிக்குது."

"நேத்து கேக்காம ஒப்பு போட்டேன். இன்னைக்குக் கேட்டுட்டுத்தான் போடுவேன். மேலேருந்து வாசி. தமிழ்ல."

ஜெயஷீலா தாளை முகத்தருகே தூக்கிக்கொண்டு வாசித்தாள். பெயர். பிறந்த தேதி. சபை. தகப்பன் பெயர் சத்தியநேசன், விவரம் இல்லை.

"அதுக்கு முன்னால ஒண்ணு வெட்டியிருக்கே. அதையும் வாசி."

"அம்மா, வேண்டாம்."

"வாசி மோளே."

வரிசையில் இப்போது சிரிப்பில்லை. பகவதிப்பெருமாள் எதையோ தேடுகிறவர்போல மேசை இழுப்பறைக்குள் குனிந்துகொண்டார். முதல் தடவை ஜெயஷீலாவுக்கு உதடு மட்டும்தான் அசைந்தது. இரண்டாவது தடவை, "செத்துப்போனவர்" என்றாள்.

பொன்னம்மை பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி முழுதாக எழுதினாள்.