மூச்சை எண்ணு

அவசர உதவி மையத்தில் அவளுக்குப் பதினொரு வருஷம் சர்வீஸ். காதில் ஹெட்போன், எதிரே இரண்டு திரைகள், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். தீப்பிடித்த வீடு, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், பாதி வழியில் பிரசவ வலி என்று எல்லாம் கேட்டுக் கேட்டு அவள் குரல் பதறாமல் பழகிவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ‘ஐஸ் பெட்டி’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

வீட்டில் அவளும் பதினாறு வயது மகளும் மட்டும்தான். கணவன் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு போய் ஏழு வருஷம். மகளை வாலு என்றுதான் கூப்பிடுவாள். ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஒரு நாற்காலியில் உட்காராத பிள்ளை. அந்த வாலு நாலு மாசமாகப் பள்ளி விட்டு வந்ததும் சுருண்டு படுத்துத் தூங்கினாள். முகத்தையும் கையையும் சொறிந்துகொண்டே இருந்தாள். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனாள். பரீட்சை வருஷம், வளர்கிற உடம்பு என்று அம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொறிச்சலுக்காகக் குளியல் சோப்பைக்கூட மாற்றிப் பார்த்தாள்.

அந்தப் புதன்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஓர் அழைப்பு வந்தது.

“அவசர உதவி, சொல்லுங்க.”

மறுமுனையில் ஒரு பெண் குரல், வேண்டுமென்றே கட்டையாக்கிக்கொண்டு பேசியது. “ஒரு பொண்ணு எழுந்திரிக்க மாட்டேங்குறா. சீக்கிரம் ஆம்புலன்ஸ் அனுப்புங்க.”

குரலை எப்படி மாற்றினால் என்ன, பெற்றவளுக்குத் தெரியாதா? திரையில் வந்த எண்ணும் அவளுக்கு மனப்பாடமான எண். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் இருக்க வேண்டிய நேரம்.

“வாலு?”

 “அம்மா!” என்று ஓர் அலறல். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

“எங்க இருக்க?”

“சுருட்டை வீட்டுல. அவங்க அப்பா அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. அம்மா, அவ உதடெல்லாம் நீலமா இருக்கும்மா.”

சுருட்டை, வாலுவோடு ஒண்ணாம் வகுப்பிலிருந்து படிப்பவள். அந்தச் சுருள் முடிக்கு எத்தனை தடவை வாலுவின் அம்மாவே எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டிருக்கிறாள்! நாலாவது மாடி, லிஃப்டுக்குப் பக்கத்து வீடு. விரல்கள் தாமாக முகவரியைத் தட்டின. வண்டி கிளம்பிவிட்டது என்று திரை காட்டியது. ஏழு நிமிஷம்.

“அவளைத் தரையில மல்லாக்கப் படுக்க வை. மூச்சு வருதா பாரு.”

“குறட்டை மாதிரி ஒண்ணு வந்துச்சு. இப்ப அதுவும் இல்ல.”

“நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு அழுத்து. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. நான் எண்ணுறேன், நீயும் கூட எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு...”

கண்காணிப்பாளர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று அவளுக்குத் தெரியாது. சொந்தக்காரர் அழைப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. “நான் பார்த்துக்கிறேன்மா, எழுந்திருங்க” என்றார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் அதற்கு மேல் பேசாமல் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முப்பது எண்ணியதும் சுருட்டையின் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் இரண்டு முறை ஊதச் சொன்னாள். நெஞ்சு எழும்புகிறது என்றாள் வாலு. மறுபடி ஒன்று, இரண்டு.

“என்ன சாப்பிட்டா?”

“வலி மாத்திரை. டியூஷன்ல ஒருத்தி தருவா. பயம் போயிடும், படிச்சது மறக்காதுன்னு...” குரல் இழுத்தது. “எப்பவும் போடுறதுதான். இது வேற அட்டை.”

எப்பவும் போடுறதுதான். அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டில் தடுக்கி மறுபடி பிடித்துக்கொண்டாள். மகளின் எண்ணிக்கை அவளுடையதைவிடப் பின்தங்கிக்கொண்டே வந்தது. அவள் இருபத்தைந்து என்னும்போது மகள் இருபத்தொன்று என்றாள். நாக்கு தடித்தாற்போல் இருந்தது. 

“வாலு, நீயும் போட்டியா?”

 அழுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மா திட்ட மாட்டேன். போட்டியா?”

“அவளுக்கு அப்புறம்தான்... கொஞ்ச நேரம் கழிச்சு. தூக்கமா வருதும்மா.”

கண்காணிப்பாளர் உடனே அடுத்த மேஜைக்கு ஓடி வண்டிக்காரர்களிடம் சொன்னார்: “ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் விஷமுறிவு மருந்து.” இன்னும் நாலு நிமிஷம். மறுமுனையில் ஒரு பிள்ளை சாகிறது, அதைப் பிழைக்க வைக்கிற கை தன் பிள்ளையுடையது, அந்தக் கையும் தளர்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? அவள் சொல்ல வேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“தூங்கக் கூடாது. சத்தமா எண்ணு. கத்து. பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி கத்து!”

மையமே திரும்பிப் பார்த்தது. ஐஸ் பெட்டி கத்தி யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “கதவு தாழ் போட்டிருக்கா?”

“உள்தாழ்.”

வண்டி வந்தாலும் கதவை உடைக்க நேரமாகும். போய்த் திறக்கச் சொன்னால் சுருட்டையின் நெஞ்சில் கை இருக்காது. இரண்டு பிள்ளைகளையும் தராசில் வைத்துப் பார்க்கிற அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு சில்லிட்டுப் போகும்.

“இப்பவே போய்த் தாழைத் திற. சுவரைப் பிடிச்சுக்கிட்டே போ. திறந்துட்டு வந்து அம்மாகிட்ட சொல்லு.”

காலை இழுக்கிற சத்தம். எங்கோ ஒரு பாத்திரம் உருண்டது. அப்புறம் எதுவும் இல்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் ஹெட்போனில் கேட்டது. “வாலு... வாலும்மா... தங்கம்...” பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து கூப்பிடாத செல்லப் பெயர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் நேரம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

பிறகு தடதடவென்று பூட்ஸ் சத்தம். கதவை உடைக்கிற சத்தம் இல்லை; கதவு திறந்திருந்தது! ஓர் ஆண் குரல், “வாசல்கிட்ட ஒண்ணு, உள்ள ஒண்ணு” என்றது. சற்று நேரம் கழித்து யாரோ போனை எடுத்தார்கள். “மேடம், ரெண்டு பேருக்கும் நாடி இருக்கு. கூட்டிட்டுப் போறோம்.”

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். 

வாலு அன்று சாயங்காலமே கண் விழித்தாள். சுருட்டைக்கு ஒன்பது நாள் ஆயிற்று. விழித்த பிறகும் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வந்தன. மூளைக்கு நெடுநேரம் காற்று போகவில்லை, எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சுருட்டையின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “உங்க பொண்ணு இல்லன்னா எம்பொண்ணு இல்லைங்க.”

அவளுக்குத் தலை நிமிரவில்லை. ஏனென்றால் முந்தின நாள்தான் மகள் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருந்தாள்.

“அவ பதினொன்னே காலுக்கே பேசலம்மா. நான்தான் எழுந்திருச்சிடுவான்னு முகத்துல தண்ணி தெளிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். பயத்துல என்ன பண்றதுன்னு தெரியாம நானும் ஒண்ணு போட்டேன்.”

“ஏன்டி உடனே கூப்பிடல?”

“போனை நீயே எடுத்துடுவியோன்னு பயந்தேன்.”

எத்தனையோ பேருக்கு உதவிய அந்த நாற்காலி, தன் மகளுக்கு மட்டும் பேயாகத் தெரிந்திருக்கிறது. யாரும் பார்க்காமல் கை கழுவும் தொட்டிப் பக்கம் போய் நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த அரை மணியை மறைத்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மகளையும் அவளையும் தவிர யாருக்குத் தெரியும்? ஆனால் வாலு பிடிவாதம் பிடித்தாள். பதினோராம் நாள் வீடு திரும்பும்போது தானே போய் லிஃப்ட் மெக்கானிக் முன்னால் நின்றாள். “மாமா, நான் உடனே போன் பண்ணியிருந்தா அவ கை நல்லா இருந்திருக்கும். நான் பயந்துக்கிட்டுக் காத்திருந்தேன்.”

 அன்று கும்பிட்ட அவர் கைகள் இரண்டும் தொடைமேல் கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வார்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் மூன்று மாசம் அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வாலுவுக்கு ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து நாளும் ஜுரம் போல் நடுக்கமும் வாந்தியுமாகப் போயிருந்தது. பிறகு வாரம் இரண்டு தடவை மறுவாழ்வு மையம். டியூஷனில் மாத்திரை கொடுத்தவளைப் போலீஸ் விசாரித்தது. அவளும் பதினேழு வயதுப் பெண், அவளுக்கும் யாரோ கொடுத்ததுதான். மூன்றாவது மாசம் வாலு ஒரு தடவை மறுபடி மாத்திரை போட்டுவிட்டாள். அன்றைக்கே வந்து சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு அம்மாவுக்குப் பாதி உயிர் போயிற்று, சொன்னாளே என்பதில் பாதி திரும்பி வந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் வெளியே போய் நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பாள். தூங்குகிற பெண்ணின் மூக்குக்கு நேரே விரலை நீட்டிப் பார்ப்பாள்.

பிறகு ஒரு நாள் சுருட்டையின் அம்மா போன் செய்தாள். “அவ உங்க பொண்ணைக் கேட்டுக்கிட்டே இருக்கா. அவங்க அப்பாவுக்கு இன்னும் மனசு ஆறல. அவர் டூட்டியில இருக்கிறப்ப, சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. நீங்களும் கூட இருக்கணும்.”

போனார்கள். “ரூம் கதவு திறந்தே இருக்கணும்” என்றாள் சுருட்டையின் அம்மா, வாலுவின் முகத்தைப் பார்க்காமல். பெண்கள் உள்ளே போனார்கள். அம்மாக்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார்கள். இருவருடைய காதும் அந்த அறையில்தான் இருந்தது. சுருட்டை இடது கையால் ஏதோ எழுதிக் காட்டினாள் போலிருக்கிறது. “இது என்னடி, கோழி கிளறின மாதிரி?” என்றாள் வாலு. இரண்டு பேரும் சிரித்தார்கள். சுருட்டையின் சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பாகவே இருந்தது.

திடீரென்று சிரிப்பு நின்றது.

இரண்டு கத்தியும் ஒரே நேரத்தில் தட்டில் விழுந்தன. யார் முதலில் எழுந்தது என்று தெரியாது. வாசற்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே சுருட்டை நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றாவது எழுத்தை எழுதிக்கொண்டிருந்தாள். வாலு தாளை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?” என்றாள் வாலு நிமிர்ந்து.

“ஒண்ணுமில்ல, எழுதுங்க.”

சுருட்டையின் அம்மா வாலுவின் அம்மாவுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி சில்லென்று வியர்த்திருந்தது. சமையலறைக்குத் திரும்பிப் போகிறவரை அவள் அதை விடவில்லை.